வான்கோழி மோலே மடத்தில் பிறந்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு பதிப்பின் சமையல் பக்கத்தில் மெக்சிகோ நாட்டு வான்கோழி மோலே (மிளகாயும் விதையும் அரைத்துக் கூட்டும் குழம்பு) பற்றிய கட்டுரையும் செய்முறையும் வந்திருந்தன. தமிழ் நாளிதழின் சமையல் பக்கம் அவ்வளவு தொலைவு போனதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் விருந்துச் சமையல் செய்பவர்களும், தோட்டத்து வீடுகளின் பின்புறம் வான்கோழி வளர்த்து விற்பவர்களும் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். கிறிஸ்துமஸுக்குப் பறவை சொல்லி வைப்பவர்கள் அந்தச் செய்முறையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு எங்களிடம் விளக்கம் கேட்கிறார்கள். அதில் வரலாறும் தவறு, அளவும் தவறு. இரண்டையும் சொல்லியாக வேண்டும்.

புவெப்லா நகரின் சாந்தா ரோசா கன்னியர் மடத்தில் 17ஆம் நூற்றாண்டில் ஒரு கன்னியாஸ்திரி, பெரிய விருந்தாளி வருகிறார் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அரைத்துச் சேர்த்தார், அப்படித்தான் மோலே பிறந்தது என்று கட்டுரை சொல்கிறது. மெக்சிகோவிலேயே பரவலாகச் சொல்லப்படும் கதைதான் அது. மடத்துச் சமையலறைகள் மோலேயைச் செழுமைப்படுத்தின என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதையையே வரலாறாக அச்சிட்டால், பறவையைக் காட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து பழக்கியவர்கள், மிளகாயையும் விதையையும் அரைத்துக் குழம்பு கூட்டியவர்கள், அம்மிக்கு முன் முழங்காலிட்டு உட்கார்ந்த பெண்கள் எல்லோரும் கணக்கில் இல்லாமல் போய்விடுகிறார்கள். அவர்கள் நாவா, சபோதெக், மிஷ்தெக், மாயா முதலிய பழங்குடி மக்கள். இன்றும் இருக்கிறார்கள், இன்றும் அதே சமையலைச் செய்கிறார்கள்.

முதலில் பறவை. இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் வான்கோழி மெக்சிகோ நிலப்பகுதியில் வீட்டுப் பறவையாக்கப்பட்டது. வஹாக்கா மாநிலத்தில் மித்லா என்ற ஊரை ஒட்டிய மேட்டில், சபோதெக் மக்களின் வீடுகள் இருந்த இடத்தைத் தோண்டியபோது, பொரியாத வான்கோழி முட்டைகள், குஞ்சுகளின் எலும்புகள், வளர்ந்த பறவைகளின் எலும்புகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. காலம் கி.பி. 400க்கும் 500க்கும் இடைப்பட்டது. முட்டையும் குஞ்சும் தாயும் ஒரே வீட்டில் இருந்தால் அது வேட்டையாடிக் கொண்டுவந்த பறவையாக இருக்க முடியாது, வளர்த்த பறவைதான். அதைவிடப் பழைய சான்று குவாத்தமாலாவின் எல் மிராடோர் என்ற மாயா நகரில் உள்ளது. அந்தக் காட்டில் இயல்பாகத் திரிவது புள்ளித்தோகை கொண்ட வேறோர் இனம். ஆனால் கி.மு. 300 முதல் கி.பி. 100 வரையான அடுக்குகளில், வடக்கே மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்ட இனத்தின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஸ்பானியர் அந்தக் கரையில் கால்வைப்பதற்கு ஆயிரத்துச் சில நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பறவை கை மாறிக்கொண்டிருந்தது என்று இதற்குப் பொருள்.

அடுத்தது குழம்பு. பெர்னார்தினோ தெ சாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி 1529இல் மெக்சிகோ வந்தவர். நாவா மக்களிடமே கேட்டு, அவர்கள் மொழியிலேயே எழுதவைத்து, 12 நூல்களாகத் தொகுத்தார். 1577 வாக்கில் முடிந்த அந்தக் கையெழுத்துப் படி இப்போது இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இருக்கிறது. அதில் பிரபுக்களின் உணவுப் பட்டியல் வருகிறது. மஞ்சள் மிளகாய்க் குழம்பில் வான்கோழி, பச்சை மிளகாயில் வான்கோழி, சிவப்பு மிளகாயும் தக்காளியும் அரைத்த பூசணி விதையும் சேர்ந்த குழம்பில் வான்கோழி, வான்கோழி வைத்து அவித்த மக்காச்சோளக் கொழுக்கட்டை என்று நீள்கிறது. இந்த மூன்றாவது குழம்பு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, பெயர் பிப்பியான். இறைச்சிகளுக்கெல்லாம் தலைமை வான்கோழிக்கே என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. வணிகர்கள் கொடுத்த விருந்தில் 80, 100 வான்கோழிகளும் 20, 40 நாய்களும் வாங்கப்பட்டன. பரிமாறும்போது நாய் இறைச்சி அடியில், வான்கோழி மேலே. எது மரியாதைக்குரிய இறைச்சி என்பது தட்டிலேயே தெரிந்தது.

சாக்லேட்டுக்கு வருவோம். கட்டுரை அதைத்தான் மோலேயின் உயிர் என்கிறது. த்லாஷ்காலா நகரில் 1545இல் நாவா மக்களின் நாவாட்ல் மொழியில் எழுதப்பட்ட ஒரு சந்தை விலைப்பட்டியல் இருக்கிறது. அங்கே காசு என்பதே கொக்கோ விதைதான். நல்ல பெட்டை வான்கோழி ஒன்றுக்கு நிறைவான கொக்கோ விதை 100, சுருங்கியது என்றால் 120. சேவல் வான்கோழிக்கு 200. வான்கோழி முட்டை ஒன்றுக்கு 3. பெரிய தக்காளி ஒன்றுக்கு 1, மக்காச்சோளக் கொழுக்கட்டை ஒன்றுக்கு 1. விதை ஒவ்வொன்றும் எண்ணிக் கொடுக்கும் பணம். உயர்குடியினர் அதைக் கரைத்து நுரை பொங்க ஆற்றிப் பானமாகக் குடித்தார்கள். சாகுன் தொகுத்த குழம்புகளில் கொக்கோ இல்லை. குழம்பில் அது நுழைந்தது பின்னாளில்தான். ஆகவே மோலேயின் பழங்குடி வேரைத் தேடுகிறவர்கள் சாக்லேட்டில் தேடக் கூடாது; பூசணி விதையிலும் மிளகாயிலும் தேட வேண்டும்.

அளவுப் பிழையும் இங்கேதான். தங்கள் செய்முறை ஒரு கிலோ இறைச்சிக்கு 200 கிராம் பால் சாக்லேட் போடச் சொல்கிறது. புவெப்லா முறை மோலேக்குக்கூட நான்கைந்து கிலோ எடையுள்ள முழுப் பறவைக்கு 80 முதல் 100 கிராம் கசப்புச் சாக்லேட் போதும், அதுவும் கடைசியில். காய்ந்த மிளகாயின் கசப்பைத் தணித்து நிறத்தை ஆழமாக்குவதுதான் அதன் வேலை. பால் சாக்லேட்டில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரையும் பாலும். 200 கிராம் போட்டால் குழம்பு தித்திக்கும், அடிபிடிக்கும், பால் திரியும். வாங்கிய பறவை வீண்.

ஸ்பானியர் கொண்டுவந்து சேர்த்தவற்றைத் தனியே எடுத்து வைத்துப் பார்த்தால் வேர் தெளிவாகிவிடும். பன்றிக் கொழுப்பு, வெங்காயம், பூண்டு, பாதாம், திராட்சை, எள், கோதுமை ரொட்டி, கொத்தமல்லி விதை எல்லாம் அவர்கள் வழியாக வந்தவை. மிளகும் கிராம்பும் பட்டையும் நம் கடல்பக்கத்துச் சரக்கு. 1565 முதல் 1815 வரை மணிலாவிலிருந்து அக்காபுல்கோ துறைமுகத்துக்குக் கப்பல்கள் ஓடின. மெக்சிகோ சமையலில் இன்றும் விரும்பப்படுவது மெல்லிய இலங்கைக் கறுவாதான். அதே காலத்தில் அங்கிருந்து மிளகாயும் தக்காளியும் நிலக்கடலையும் பப்பாளியும் நம் பக்கம் வந்தன. எங்கள் ஊரை உருவாக்கிய ரப்பரும் அமெரிக்க மண்ணின் மரமே. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் 9 கன்றுகள் பக்கத்துக் கோலகங்சாரில்தான் நடப்பட்டன.

ஸ்பானியருக்கு முன் பன்றியும் இல்லை, மாடும் இல்லை. ஆகவே கொழுப்பில் வதக்குவதும் பொரிப்பதும் அந்தச் சமையலில் அநேகமாக இல்லை. வறுப்பது, சுடுவது, அரைப்பது, வேகவைப்பது, ஆவியில் அவிப்பது, மண்ணுக்குள் புதைத்துச் சுடுவது இவைதான் முறைகள். குழம்புக்குத் திடம் கொடுத்தது விதையும் மக்காச்சோள மாவும். எண்ணெய்ப் பசையும் விதையிலிருந்தே வந்தது. இதில் நம் ஊருக்கு ஒரு நன்மையும் உண்டு. பன்றிக் கொழுப்பு இல்லை, மது இல்லை, பால் இல்லை, கோதுமை இல்லை. பறவையை ஹலால் முறையில் அறுத்துவிட்டால் தாமானில் எல்லா வீட்டாரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கலாம்.

அந்தச் சிவப்புப் பிப்பியானை இங்கே கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்யும் விதத்தை எழுதுகிறோம். 12 பேருக்கான அளவு இது.

சுத்தம் செய்த வான்கோழி 4 கிலோ. தொடை, கால், இறக்கை, நெஞ்சு, முதுகு என்று எலும்போடு பெரிய துண்டுகளாக வெட்டுங்கள். கறிக்கு வெட்டுவதுபோல் சின்னதாக வெட்டினால் வேகும்போது நார்நாராகிவிடும். 4 லிட்டர் தண்ணீரில் தொடை, கால், இறக்கை, முதுகை முதலில் போட்டு, கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டுத் தீயைக் குறையுங்கள். மேற்பரப்பில் ஒன்றிரண்டு குமிழிகள் மட்டும் எழும் அளவுக்குத் தீ போதும். நெஞ்சுத் துண்டுகளைக் கடைசி 45 நிமிடம் இருக்கும்போதுதான் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வறண்டுவிடும். கடைப் பறவை ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் வெந்துவிடும். வீட்டில் ஓடித் திரிந்த முற்றிய பறவைக்கு மூன்று மணி நேரம்கூட ஆகும். அவசரப்பட்டுப் பிரஷர் குக்கரில் போடாதீர்கள். தொடை வேகும்போது நெஞ்சு பஞ்சாகிவிடும், சாறும் கலங்கிவிடும்.

உப்பில் கவனம் தேவை. நவம்பர், டிசம்பரில் சூப்பர்மார்க்கெட்டுக்கு வரும் உறைந்த வான்கோழிகள் பலவற்றில் உப்புநீர் ஏற்றியிருப்பார்கள். உறையில் அப்படி எழுதியிருந்தால் வேகும்போது உப்பே போட வேண்டாம். உறைந்த பறவையை வெளியில் வைத்து உருக வைப்பதும் நம் வெக்கைக்கு ஆபத்து. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்து முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். நான்கு கிலோவுக்கு இரண்டு முழு நாள்.

பூசணி விதை 400 கிராம், தோல் நீக்கியது, உப்பில்லாதது. கேக் சாமான் விற்கும் கடைகளில் பச்சை நிறத்தில் கிடைக்கும். கொறிப்பதற்கு விற்கும் உப்புப் போட்ட குவாச்சி இதற்கு ஆகாது. வீட்டில் பரங்கிக்காய் சமைக்கும்போது விதையைக் கழுவி வெயிலில் காயவைத்துச் சேர்த்தாலும் நல்லதே; பரங்கியும் அந்த நிலத்தின் பயிர்தான். தோசைக்கல்லை மிதமான சூட்டில் வைத்து, எண்ணெய் இல்லாமல், கை விடாமல் ஐந்தாறு நிமிடம் வறுங்கள். விதைகள் உப்பி, பட்பட்டென்று குதிக்கத் தொடங்கும். பெரும்பாலானவை உப்பியதும் உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும். கல்லிலேயே விட்டால் இறக்கிய பிறகும் சூட்டில் கருகிப் பழுப்பாகும். பழுப்பானால் குழம்பு முழுக்கக் கசக்கும், அதை எதைப் போட்டும் மாற்ற முடியாது.

மெக்சிகோவில் இதற்குப் போடும் ஆஞ்சோ, குவாஹியோ மிளகாய்களில் காரம் குறைவு, நிறமும் சதையும் அதிகம். நம் சாதாரணக் காய்ந்த மிளகாயை அதே அளவு போட்டால் யாரும் வாயில் வைக்க முடியாது. காஷ்மீரி மிளகாய்தான் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. காம்பும் விதையும் நரம்பும் நீக்கிய பின் 60 கிராம். காரம் வேண்டுமென்றால் சாதாரண மிளகாய் நான்கைந்து சேர்க்கலாம். மிளகாயைக் கீறி விரித்து, சூடான கல்லில் ஒரு பக்கத்துக்கு 10, 15 நொடி மட்டும் அழுத்திப் புரட்டுங்கள். நிறம் ஒரு படி மாறி, மணம் எழும்பும், அதுதான் பதம். கறுத்துப்போன மிளகாயை மனம் பொறுக்காமல் உள்ளே போட்டுவிடாதீர்கள், ஒன்றே போதும் குழம்பைக் கெடுக்க. வறுத்ததை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, ஊறிய நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் கொட்டிவிட்டு, வான்கோழிச் சாற்றை விட்டு அரைக்கலாம்.

தக்காளி 800 கிராம். முழுதாக அதே கல்லில் தோல் கறுத்து வெடிக்கும்வரை சுடுங்கள். இங்கே கறுப்பு கெடுதலில்லை, தக்காளித் தோலின் கருகல் குழம்புக்குப் புகை மணம் கொடுக்கும். மிளகாயையும் தக்காளியையும் சேர்த்து மைய அரைத்து, கண்ணுள்ள வடிகட்டியில் தேய்த்து வடிகட்டுங்கள். மிளகாய்த் தோல் தங்கினால் தொண்டையில் உறுத்தும். விதையைத் தனியாக, வான்கோழிச் சாறு சிறிது சிறிதாக விட்டு வெண்ணெய்போல் அரைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு அரைத்தால் தோலும் விதையும் சேர்ந்து திப்பியாகிவிடும், பிறகு வடிகட்டவும் முடியாது. அம்மியில் அரைத்தால் மிகச் சிறப்பு. மெக்சிகோவின் மெத்தாத்தே மூன்று காலில் நிற்கும் சாய்வான அம்மிதான். கல்லில் நசுங்கும் விதையிலிருந்து எண்ணெய் நன்றாகக் கசியும். மிக்ஸியின் கத்தி விதையை நறுக்கத்தான் செய்கிறது. மிக்ஸியே கதி என்றால் நிறுத்தி நிறுத்தி, மூன்று நான்கு முறை அரையுங்கள்.

அகலமான சட்டியில் மிளகாய்-தக்காளி விழுதை ஊற்றி, மிதமான தீயில் பச்சை வாசனை போகும்வரை 15 நிமிடம் கிளறுங்கள். ஒன்றரை லிட்டர் சாற்றை விட்டுக் கொதித்ததும் தீயை மிகக் குறைத்து, விதை விழுதைக் கரண்டி கரண்டியாகக் கலந்துவிட வேண்டும். இதற்குப் பிறகு கொதிக்கவே கூடாது. விதையில் புரதம் இருக்கிறது. வேகமாகக் கொதித்தால் அது திரண்டு, சாறு வேறு மண்ணு மண்ணான திப்பி வேறாகப் பிரிந்துவிடும். பிப்பியான் செய்யும் பத்துப் பேரில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். பிரிந்துவிட்டால் அடுப்பை அணைத்து, வெதுவெதுப்பான சாறு ஒரு கப் விட்டு மறுபடி மிக்ஸியில் அடித்துச் சட்டிக்கு மாற்றினால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் சரியாக நடந்தால் 20 நிமிடத்தில் ஓரங்களில் சிவந்த எண்ணெய் முத்து முத்தாக மிதக்கும். ஒரு சொட்டு எண்ணெய்கூட ஊற்றாத சட்டியில் அது மிதப்பதைப் பார்க்கும்போதுதான் இந்தச் சமையலின் அருமை புரியும். வெந்த துண்டுகளை அதில் போட்டு, மேலும் 10 நிமிடம் சூடேற்றி, அப்போதுதான் உப்புப் பார்க்க வேண்டும். குழம்பு கரண்டியின் பின்புறம் படிந்து நிற்க வேண்டும். இறுகினால் சாறு விடலாம். நீர்த்திருந்தால் மக்காச்சோள மாவு இரண்டு மேசைக்கரண்டியை ஆறிய சாற்றில் கரைத்து ஊற்றலாம்.

அந்த மக்காச்சோள மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாக்கெட்டில் விற்கும் கார்ன்ஃபிளவர் வெறும் ஸ்டார்ச்தான், அந்த மணமே வராது. பழங்குடி மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பில் வேகவைத்து அரைக்கிறார்கள். ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்கு 3 லிட்டர் தண்ணீர், 10 கிராம் சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடும் அதே நீற்றிய சுண்ணாம்புதான், ஆனால் நிறமும் வாசனையும் சேர்க்காத, உணவுக்கென்று விற்பதாக இருக்க வேண்டும். அலுமினியச் சட்டியைச் சுண்ணாம்பு அரித்துவிடும். எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். கொதி நிலைக்குச் சற்றுக் கீழே 40 நிமிடம் வைத்து, தோல் விரலில் வழுக்கிக்கொண்டு வந்ததும் அணைத்து, இரவு முழுவதும் அப்படியே விட்டு, காலையில் இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி அரைக்க வேண்டும். கழுவாமல் விட்டால் சுண்ணாம்பு நாக்கைப் பிடிக்கும். தேய்த்துத் தேய்த்து ஒரேயடியாகக் கழுவினால் மாவு ஒட்டும் தன்மையை இழக்கும். இந்தச் சுண்ணாம்பு வேலை ருசிக்காக மட்டுமல்ல. மக்காச்சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற சத்தை இதுதான் விடுவிக்கிறது. இந்த முறையை விட்டுவிட்டு மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்ட ஐரோப்பிய நாடுகளில் ஏழைகள் அந்தச் சத்துக் குறைவால் வரும் பெலாக்ரா நோயால் வாடினார்கள். நம் பாசாரில் கிடைக்கும் இனிப்புச் சோளமும் பாப்கார்ன் சோளமும் இதற்கு உதவாது. கோழித் தீவனச் சோளத்தை மனிதர் உண்ணக் கூடாது, பூஞ்சை நச்சு இருக்கலாம். இந்திய மளிகைக் கடைகளில் உணவுக்கென்று விற்கும் முழு மக்காச்சோளத்தைக் கேட்டு வாங்குங்கள்.

யுகட்டான் மாயா மக்களின் வான்கோழிச் சமையல் முற்றிலும் வேறு வழி. அவர்களின் ரெயேனோ நெக்ரோ என்ற கருங்குழம்புக்கு மிளகாயை வேண்டுமென்றே கரியாகும்வரை எரிக்கிறார்கள். பிப்பியானில் கருகிய மிளகாய் ஒன்றே குழம்பைக் கெடுக்கும் என்றோம். இங்கே முழுக்கக் கரித்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்துக் கசப்பைக் கழுவி எடுத்த பிறகே அரைக்கிறார்கள். அந்தப் புகை கண்ணையும் நெஞ்சையும் பிடிக்கும், வீட்டுக்குள் செய்யவே கூடாது. வான்கோழியைச் சட்டியோடு மண்குழிக்குள் வைத்துச் சுடுவதும் அவர்கள் வழக்கம். அந்தக் குழிக்குப் பிப் என்று பெயர். முழங்காலுக்கு மேல் ஆழமான குழியில் கட்டை எரித்து, கற்கள் பழுத்ததும், இறுக மூடிய சட்டியை இறக்கி, இலை பரப்பி, தகரம் போட்டு, மண்ணால் மூடிவிடுவார்கள். புகை கசியும் இடத்தையெல்லாம் மண் போட்டு அடைக்க வேண்டும். காற்று உள்ளே போனால் கட்டை எரிந்து தீர்ந்து, இறைச்சி பாதியில் நின்றுவிடும். இங்கே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஆற்றுக் கல்லைப் போடாதீர்கள், உள்ளே தங்கிய ஈரம் சூட்டில் கல்லை வெடிக்கச் செய்யும். காய்ந்த செங்கல் துண்டுகள் போதும். கடலோரத் தோட்டங்களின் காம்புட் என்ற மட்கிய சதுப்பு மண்ணில் குழி வெட்டித் தீ மூட்டவே கூடாது, மண்ணே தீப்பிடித்து நாள்கணக்கில் புகையும். குழியைத் திறந்ததும் தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள், 74 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்.

இந்தப் பறவைக்கு அங்கே சமையலறைக்கு வெளியிலும் இடம் உண்டு. வஹாக்கா கிராமங்களில் கல்யாணத்துக்கு உயிருள்ள வான்கோழிகளைச் சீராகக் கொண்டுபோகிறார்கள், கையில் தூக்கிக்கொண்டு ஆடவும் செய்கிறார்கள். யார் வீட்டிலிருந்து எத்தனை பறவை, எவ்வளவு மக்காச்சோளம் வந்தது என்று குறித்து வைத்து, அந்த வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்கிறார்கள். நம் மொய் நோட்டு மாதிரியேதான். வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வேகவைத்த மக்காச்சோளமும் நறுக்கிய கீரையும் தீனி. கையில் காசில்லாத குடும்பத்துக்கு முற்றத்தில் நிற்கும் நாலு வான்கோழிதான் சேமிப்பு.

இங்கே வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் கோழியையும் வான்கோழியையும் பிரித்துவிடுங்கள். கோழியின் குடலில் இருக்கும் ஒரு சின்னப் புழு, கருந்தலை நோய்க்குக் காரணமான கிருமியைச் சுமக்கிறது. கோழிக்கு அதனால் பெரிய பாதிப்பு தெரியாது. வான்கோழிக்கு ஈரல் கெட்டு, எச்சம் கந்தக மஞ்சளாகி, பறவை தலை தொங்கி நின்று செத்துவிடும். புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே பழைய கோழிக்கொட்டகை இருந்த இடமும் வேண்டாம். முட்டை பொரிய 28 நாள். குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். மழைச்சாரல் படவே கூடாது. கோழிக்குஞ்சுத் தீவனத்தில் புரதம் 20 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும்; வான்கோழிக் குஞ்சுக்கு 26 முதல் 28 விழுக்காடு வேண்டும். குறைந்தால் வளர்ச்சி நின்று கால் தளரும்.

மோலேயைப் பற்றி இனி எழுதும்போது அந்த மக்களின் பெயர்களையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம். மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை யுனெஸ்கோ 2010இல் மனிதகுலப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தபோது, மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பில் வேகவைப்பதையும், மெத்தாத்தேயையும், பழங்குடிச் சமூகங்களின் கைப்பழக்கத்தையும் வெளிப்படையாகவே குறிப்பிட்டது. தங்கள் கட்டுரையில் இவை மூன்றுமே இல்லை.

மேலே எழுதிய பிப்பியான் செய்முறையைத் தனிப் பெட்டியாக வெளியிடுவதில் எங்களுக்கு முழுச் சம்மதம். அப்படி வெளியிட்டால் மிளகாய் அளவை மட்டும் சுருக்கி விடாதீர்கள்: 60 கிராம் என்பது காம்பும் விதையும் நரம்பும் நீக்கிய பின் நிறுத்த காஷ்மீரி மிளகாயின் எடை.

இப்படிக்கு,
விருந்துச் சமையல்காரர்களும் வான்கோழி வளர்ப்போரும்,
சுங்கை சிப்புட், பேராக்.